பத்து வளைவில் எட்டு

அந்த அட்டைச் சக்கரத்தை முதலில் பார்த்தபோது யாரோ ஜோசியக்காரர் வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். கள்ளக்குறிச்சியில் ஒரு கல்யாண மண்டபம். முகூர்த்தம் இல்லாத மாதம் என்பதால் சல்லிசாகக் கிடைத்திருந்தது. மணமேடையில், மாப்பிள்ளை உட்காரும் சிவப்பு நாற்காலியில், ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்த ஒரு பேராசிரியர் உட்கார்ந்திருந்தார். நான்கு வட்ட அட்டைகளை ஒன்றின் மேல் ஒன்றாக வைத்து, நடுவில் பித்தளை ஆணி குத்தி, பம்பரம் மாதிரித் திருப்பிக்கொண்டிருந்தார். கீழே ஜமுக்காளத்தில் ஏழெட்டு வாத்தியார்கள் வாயைத் திறந்தபடி உட்கார்ந்திருந்தோம்.

இட ஒதுக்கீட்டுப் போராட்டம் நடந்த வருடங்கள் அவை. பஸ் ஓடுமா, பள்ளிக்கூடம் நடக்குமா என்பதை ரோட்டோரப் புளியமரங்கள்தான் முடிவு செய்தன. ராத்திரி வெட்டி ரோட்டுக்குக் குறுக்கே சாய்த்துவிடுவார்கள். காலையில் போலீஸ் வந்து இழுத்துப் போடும். மறுநாள் இன்னொரு மரம் விழும். நான் சங்கராபுரத்தில் புவியியல் வாத்தியார். பாதி நாள் பிள்ளைகள் வரமுடியாமல் வகுப்பு காலியாகக் கிடந்தது. "சும்மாதானே இருக்கீங்க, போய் எழுதிக் குடுத்துட்டு வாங்க" என்று தலைமையாசிரியர் என்னைக் கள்ளக்குறிச்சிக்குத் தள்ளிவிட்டார்.

எழுத வேண்டியது ஒரு பயிற்சிக்கான பாடத்திட்டம். கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கு ஓர் ஆஸ்பத்திரி ஜீப் வரப்போகிறது. அதை ஓட்ட மலைக்காரர் ஒருவரையே வைப்பார்கள். ஆனால் அவரிடம் மலைப்பாதை ஓட்டுநர் பயிற்சிச் சான்றிதழ் இருக்க வேண்டும். சான்றிதழுக்குப் பயிற்சி வேண்டும், பயிற்சிக்குப் பாடத்திட்டம் வேண்டும், பாடத்திட்டத்துக்குக் கற்றல் விளைவுகள் வேண்டும். அதாவது, பயிற்சி முடிந்ததும் ஆள் என்னென்ன செய்து காட்டுவார் என்று முன்கூட்டியே எழுதிவைப்பது. எழுதுவதற்குக் கருவிதான் அந்தச் சக்கரம்.

முதல் வட்டத்தில் யார், இரண்டாவதில் என்ன செய்வார், மூன்றாவதில் எந்த நிலையில், நான்காவதில் எத்தனை சதவீதம் சரியாக. நான்கையும் திருப்பி ஒரே கோட்டில் நிறுத்தினால் ஒரு விளைவு. "தெரிந்துகொள்வார்" "புரிந்துகொள்வார்" எல்லாம் சக்கரத்தில் கிடையாது.

"ஒருவருக்குத் தெரியும் என்பதை எந்த ஸ்கேல் வைத்து அளப்பீர்கள்?" என்று பேராசிரியர் கேட்டார்.

எங்களில் யாரிடமும் அப்படிப்பட்ட ஸ்கேல் இல்லை. கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் எழுதுங்கள் என்றார். அதில் எனக்கும் மறுப்பில்லை. வம்பு அடுத்த வட்டத்தில் இருந்தது. சதவீத வட்டம் அறுபதில் தொடங்கி எண்பதில் முடிந்துவிட்டது. நூறைக் காணோம். ஏன் என்று கேட்டேன்.

"மனிதனுக்கு நூறு என்பது திமிர்" என்றார்.

இப்படித்தான் "தேவையான இடங்களில் எழுபது சதவீதம் ஹாரன் அடிப்பார்" என்று ஒன்று பிறந்தது. "பிரேக்கின் பயன்களை வரிசைப்படுத்துவார்" என்று ஒன்று. மனப்பான்மைக்கும் ஒன்று வேண்டும் என்றார். "பயணிகளிடம் அன்பாக இருப்பார்" என்று ஒருவர் எழுதினார். அன்பு கண்ணுக்குத் தெரியுமா என்று கேட்டுப் பேராசிரியர் அதை அடித்துவிட்டார். கடைசியில் "பயணிகள் தன்னைப் பார்க்கும் பெரும்பாலான தருணங்களில் புன்னகை செய்வார்" என்று முடிவானது. நல்லவேளை, அதற்குள் சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது.

சாப்பாட்டுக்குப் பிறகு வளைவுகளை எடுத்தோம். சக்கரம் சுழன்று நின்றது. "பயிற்சி பெறுபவர், சுமை ஏற்றிய ஜீப்பில், பகல் வெளிச்சத்தில், மலைப்பாதையின் பத்து வளைவுகளில் எட்டைச் சரியாகத் திருப்புவார்."

எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. மலை ரோட்டில் போய்வந்தவன் நான். "சார், மீதி ரெண்டு வளைவுல வண்டி எங்க போகும்?" என்று கேட்டேன்.

பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "வாத்தியாரே, நாம் கல்வித் துறை. பள்ளத்தாக்கு நம் துறையில் வராது."

மற்றவர்கள் தலையாட்டினார்கள். எல்லோருக்கும் கடைசி பஸ் கவலை. எட்டு எட்டாகவே நின்றது.

பயிற்சி வெள்ளிமலையில் தொடங்கியது. ஏழெட்டுப் பேர் சேர்ந்தார்கள். புத்தகம் வரவில்லை, பயிற்சி ஜீப் வரவில்லை. வகுப்பெடுக்க வேண்டிய நான் பாதி நாள் கச்சிராயபாளையத்திலேயே மரத்துக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன். ஒவ்வொருவராகக் கழன்று கடைசியில் மிஞ்சியவர் ஒரே ஒருவர். நாற்பதைத் தொட்டுக்கொண்டிருந்தார். மலையில் ஒரு முதலாளியின் ஜீப்பில் வருடக்கணக்காக வேலை பார்த்தவர். வயது வரம்பு அந்த வருடத்தோடு தாண்டிவிடும். ஆஸ்பத்திரி வேலை இப்போது கிடைக்காவிட்டால் எப்போதும் கிடையாது. மூன்று பெண் பிள்ளைகள். மாதாமாதம் சம்பளம் வருகிற உத்தியோகம் என்பது அவர் குடும்பத்தில் யாருமே பார்த்திராத சங்கதி.

அடக்க ஒடுக்கமான ஆள் என்று நினைத்துவிட வேண்டாம். வாயைத் திறந்தால் பெருமைதான். "இந்த ரோட்ட கண்ண மூடிக்கினு ஓட்டுவேன் சார். எஞ்சின் சத்தத்த வெச்சே எந்த வளைவுன்னு சொல்லுவேன்" என்பார். லைசென்சும் வைத்திருந்தார், கள்ளக்குறிச்சி மைதானத்தில் எட்டுப் போட்டு வாங்கியது. நானும் நம்பினேன். ஏறும்போது அவர் பக்கத்தில் இரண்டு முறை உட்கார்ந்து போயிருக்கிறேன். வண்டி வெண்ணெய் மாதிரிப் போகும்.

பரீட்சை நாளும் வந்தது. பரீட்சை வைக்கப் பேராசிரியரே வந்தார். வழியெல்லாம் மறியல் என்பதால் ஒரு டிராக்டரில் வைக்கோல் மேல் உட்கார்ந்து, குடையோடும் சக்கரத்தோடும் கச்சிராயபாளையம் வந்து இறங்கினார். அரசாங்க ஜீப் வரவில்லை. முதலாளியின் ஜீப் இருந்தது. முதலாளியும் இருந்தார், சாராயக் கடைக்குப் பின்னால் படுத்தபடி. பாடத்திட்டத்தில் சுமை என்று எழுதியிருந்ததால் உப்பு மூட்டைகளை ஏற்றினோம். பத்து வளைவுகளைத் தேர்ந்தெடுத்து, ஓரக் கற்களில் சுண்ணாம்பால் எண் போட்டு வைத்திருந்தேன்.

கிளம்பினோம். பேராசிரியர் முன்னால், நான் பின்னால் உப்பு மூட்டை மேல். முதல் வளைவு, அழகு. இரண்டாவது, அதைவிட அழகு. பேராசிரியர் திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் நம்மவர் முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தார். பேராசிரியர் அதற்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டார். மூன்றாவது வளைவைத் திரும்பினோம். எதிரே ஒரு மரம் ரோட்டை அடைத்துப் படுத்திருந்தது.

மரத்தின் மேல் இருபது முப்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். கீழே போலீஸ் தொல்லை ஜாஸ்தி என்று மலை ரோட்டுக்கு வந்துவிட்டவர்கள். தோளில் துண்டு போட்ட ஒரு பெரியவர் எழுந்து வந்தார். பேச்சில் மரியாதைக்குக் குறைவில்லை.

"திரும்பிடுங்க சார். பாலு, பிரசவம், சாவு மூணுக்கும்தான் வழி வுடறோம்."

"பரீட்சை நடந்துகொண்டிருக்கிறது" என்றார் பேராசிரியர்.

"இன்னா பரிச்ச?"

"வேலைக்கான பரீட்சை."

அந்தச் சொல்லைக் கேட்டதும் மரத்தின் மேலிருந்தவர்கள் எல்லோரும் இறங்கி வந்துவிட்டார்கள். வேலைக்காகத்தானே மரத்தையே வெட்டிப் போட்டிருந்தார்கள். ஒருவர் நம்மவரிடம், "மலைக்காரரா? உங்களுக்குத்தான் தனியா குடுத்துக்கீறாங்களே" என்றார்.

"இட ஒதுக்கீடு இருக்குதுங்க. வேலதான் இல்ல" என்றார் நம்மவர்.

கூட்டம் அதை ஒத்துக்கொண்டது. ஆனால் மரத்தை நகர்த்த அவர்களாலேயே முடியாது. பெருமைக்காக இருப்பதிலேயே பெரிய மரமாகப் பார்த்துச் சாய்த்திருந்தார்கள்.

பேராசிரியர் தாளை எடுத்தார். "பத்தில் மூன்று. முப்பது சதவீதம். வருந்துகிறேன்."

நம்மவர் முகம் பேயடித்த மாதிரி ஆகிவிட்டது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மூணுக்கு மூணு சார். நூறு சதவீதம்" என்றேன்.

"சக்கரத்தில் நூறு இல்லை."

துண்டு போட்ட பெரியவர் குறுக்கே வந்தார். அவருக்கு இது பழக்கப்பட்ட வழக்கு. ஊர் ஊராகச் சதவீதத்தைப் பற்றியே பேசி வந்தவர். "இருங்க சார். மொதல்ல மொத்தம் எத்தினின்னு சொல்லுங்க. மொத்தம் தெரியாம பங்கு பிரிக்கக் கூடாதுன்னுதானே நாங்க ரோட்ல உக்காந்துக்கினு இருக்கோம். எங்க ஜனத்த எண்ணாமலே எங்களுக்கு இவ்ளோ போதும்ன்றான். நீங்களும் போவாத வளைவ எல்லாம் சேத்து எண்றீங்களே, நாயமா?"

"தாளில் பத்து வளைவு என்று இருக்கிறது."

"பத்தும் வேற வேற வளைவுன்னு போட்டுக்கீதா?"

பேராசிரியர் படித்தார். இன்னொரு தடவை படித்தார். அப்படிப் போடவில்லை.

"ஏறுனா வளைவு, எறங்குனா வளைவு இல்லியா? எறங்கச் சொல்லுங்க, மூணு. மறுபடி ஏறச் சொல்லுங்க, மூணு. கூட்டிக்கினே போங்க, பத்து வந்துடும்."

பேராசிரியர் வாழ்க்கையில் முதல் முறையாக இன்னொரு கல்வியாளரைச் சந்தித்தவர் மாதிரி அவரைப் பார்த்தார். "ஏற்கலாம்" என்றார்.

எல்லோரும் கைதட்டினார்கள். ஒருவர் மட்டும் தட்டவில்லை. நம்மவர் என் சட்டையைப் பிடித்து ஓரமாக இழுத்துப் போனார்.

"சார், இன்னா சார் இது, எறங்கச் சொல்றாங்க?"

"எறங்குங்க."

"நான் எறங்குனதே இல்ல சார்."

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். முதலாளி காலையில் தெளிவாக இருப்பார். அதனால் இறங்கும்போது முதலாளிதான் ஓட்டுவார். கீழே புளி, சாமை எல்லாம் விற்று முடிந்ததும் முதலாளி குடிப்பார். அதனால் ஏறும்போது இவர் ஓட்டுவார். வருடக்கணக்காக இப்படித்தான். "எறங்கும்போது நான் பின்னாடி மூட்ட மேல தூங்கிக்கினு வருவேன் சார். அந்தப் பக்கமா ரோடு எப்பிடி இருக்கும்னே எனக்குத் தெரியாது."

நான் எழுதிய பாடத்திட்டத்தில் ஏறுவது என்றும் இல்லை, இறங்குவது என்றும் இல்லை. திருப்புவார் என்றுதான் இருந்தது. மலையில் ஏறுகிறவன் இறங்குவான் என்பதைத் தனியாக எழுத வேண்டும் என்று எங்கள் யாருக்கும் தோன்றவில்லை. அதற்குள் கூட்டம் உப்பு மூட்டைகளை இறக்கத் தொடங்கிவிட்டது. காரணம், அந்த வண்டிக்குப் பின் கியர் விழாது. அது மலையில் எல்லோருக்கும் தெரியும், யாரும் அதை ஒரு குறையாகச் சொன்னதும் இல்லை. ஐலசா போட்டு ஜீப்பை அப்படியே தூக்கி, கீழ்ப்பக்கம் பார்க்க வைத்தார்கள். பிறகு சுமை வேண்டும் என்ற நிபந்தனை ஞாபகம் வந்து, மூட்டைகளைத் திரும்பவும் ஏற்றினார்கள்.

இறங்கினோம். அதை இறங்கினோம் என்று சொல்வது பாடத்திட்டத்தின் மொழி. முதலாளி இறக்கத்தில் கியரை எடுத்துவிடுவார் என்று அரைத் தூக்கத்தில் கேட்ட ஞாபகத்தில், நம்மவர் கியரை எடுத்துவிட்டார். வண்டிக்குச் சுதந்திரம் கிடைத்துவிட்டது. முதல் வளைவில் ஓரக் கல்லை உரசி ஒரு மூட்டை பள்ளத்தில் போனது. அது போய் விழுந்த சத்தத்தை நான் கேட்கவில்லை, அவ்வளவு பள்ளம். பேராசிரியர் பதறிப்போய்த் திரும்பிப் பார்த்தார். பார்த்ததும் நம்மவர் சிரித்தார். பாவம், தாளில் இருந்ததே. அந்தச் சிரிப்பைப் பார்த்துப் பேராசிரியர் கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது வளைவில் முன் சக்கரம் ஒன்று ரோட்டை விட்டு இறங்கி, எப்படியோ மறுபடி ஏறியது. மூன்றாவதை, பிரேக்கை மிதித்தபடியே ஆமை வேகத்தில் திருப்பினார். கீழே சமதரை வந்ததும் நான் குதித்திறங்கி ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டேன்.

"நான்கு சரி. இரண்டு தவறு" என்றார் பேராசிரியர். குரல் கம்மியிருந்தது, பேனா மட்டும் நிற்கவில்லை.

அடிவாரத்தில் விசாலமான இடம். வண்டியைத் திருப்பிக்கொண்டு மறுபடி ஏறினோம். மூன்றும் வெண்ணெய். ஏறும்போது அவர் வேறு ஆள். ஏழு சரி, இரண்டு தவறு. மரத்தடியில் கூட்டம் எங்களைப் பார்த்து ஆர்ப்பரித்தது. மிச்சம் ஒரே ஒரு வளைவு. அது இறக்கம்.

நம்மவர் ஸ்டியரிங்கின் மேல் தலையைச் சாய்த்துவிட்டார். "வேணாம் சார். வேல வேணாம். வுட்டுடுங்க" என்றார். எனக்கு அந்த அட்டைச் சக்கரத்தைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிய வேண்டும் போலிருந்தது.

துண்டுப் பெரியவர் வண்டியைச் சுற்றி வந்து பார்த்தார். "தாளைப் படிங்க சார். கயிறு கட்டக் கூடாதுன்னு போட்டுக்கீதா?"

பேராசிரியர் படித்தார். சுமை ஏற்றிய ஜீப், பகல் வெளிச்சம். கயிற்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

மரம் இழுக்கும் வடக்கயிற்றைக் கொண்டுவந்து ஜீப்பின் பின்பக்கம் கட்டினார்கள். மறுபடியும் மூட்டையை இறக்கி, வண்டியைத் தூக்கித் திருப்பி, மூட்டையை ஏற்றினார்கள். அத்தனை பேரும் தேர்வடம் பிடிப்பதுபோலப் பின்னால் பிடித்துக்கொண்டு, குதிகாலை ஊன்றி, கோஷத்தை நிறுத்தாமல் அங்குலம் அங்குலமாக விட்டார்கள். ஜீப் அந்த வளைவைக் கல்யாணப் பெண் மாதிரி நடந்து கடந்தது. நம்மவர் ஸ்டியரிங்கைத் திருப்பினார் என்பது உண்மை. அதை நானே பார்த்தேன்.

"எட்டு!" என்று கத்தினார்கள். துண்டை எல்லாம் தூக்கி எறிந்தார்கள். அந்த வருடம் அவர்கள் கேட்டு உடனே கிடைத்த ஒரே சதவீதம் அதுதான் என்று நினைக்கிறேன். பேராசிரியர் பானெட்டின் மேல் சான்றிதழை வைத்துக் கையெழுத்துப் போட்டு, கை குலுக்கிக் கொடுத்தார். நம்மவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

கயிற்றை அவிழ்த்துக்கொண்டு கூட்டம் மேலே போய்விட்டது. மரத்தை விட்டுவிட்டு வெகு நேரம் இருக்க முடியாதாம். ஜீப் கீழே பார்த்தபடி நின்றது. இன்னும் இரண்டு வளைவு இறங்க வேண்டும். நாங்கள் மூன்று பேரும் நின்றோம். யாரும் வண்டியில் ஏறவில்லை.

"நடப்பது ஜீரணத்துக்கு நல்லது" என்று சொல்லிக் குடையை விரித்துக்கொண்டு பேராசிரியர் நடக்கத் தொடங்கினார். நானும் அவர் பின்னால் போனேன். பத்தடி போய்த் திரும்பிப் பார்த்தேன். நம்மவர் சக்கரத்துக்குக் கல் வைத்துக்கொண்டிருந்தார். நன்றாக இறுகியிருக்கிறதா என்று காலால் உதைத்துப் பார்த்துவிட்டு, சான்றிதழைச் சட்டைக்குள் வைத்து, அவரும் நடந்து வந்தார்.

பேராசிரியர் காதுக்கு எட்டாத தூரம் போனதும் நம்மவர் என் பக்கத்தில் வந்தார்.

"சார், எனக்கு எறங்கத் தெரியாதுன்னு இந்தத் தாள்ல எங்கியாவது போட்டுக்கீதா?"

"இல்லை."

"வேற எந்தத் தாள்லயாவது போடுவாங்களா?"

"போட இடமே இல்லை."

"அப்ப யாருகிட்டயும் சொல்லிடாதீங்க சார். ஆஸ்பத்திரி வண்டி வர்றதுக்கு இன்னும் நாள் இருக்குது. அதுக்குள்ள கத்துக்கினு வுடுவேன்." கொஞ்சம் நிறுத்தி, தணிந்த குரலில் சொன்னார். "நோவுல கெடக்குறவங்கள தூக்கிக்கினு எறங்கறதுக்குத்தான் சார் அந்த வண்டியே."

பயிற்சி முடிந்துவிட்டது என்று சொல்ல வாயெடுத்தேன். எழுதியதெல்லாம் நிறைவேறிவிட்டது, இனி யாரும் அவருக்கு எதையும் சொல்லிக்கொடுக்க வரப்போவதில்லை. அவருடைய மூன்று பெண்களும் ஞாபகத்துக்கு வந்தார்கள். வெள்ளிமலையிலிருந்து பிரசவ வலியோடு இறங்கப்போகிற ஏதோ ஒரு பெண்ணும் வந்தாள். எனக்குப் பயமாக இருந்தது.

"சொல்லமாட்டேன்" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். அடிவாரம் வரும்வரை விடவில்லை.